ஏழாவது கேள்வி

கிளை மருத்துவமனைக் குடியிருப்பு
ஜனவரி 9

அன்புள்ள புள்ளிக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒற்றை வார்த்தை எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. நலமாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதமும் ரத்த மாதிரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் உன்னிடம் வருகிறது. "நாத்தனாருக்கு எது, லேபுக்கு எதுன்னு மேல எழுதிடுங்க சிஸ்டர். மாத்திக் குடுத்துட்டு அப்புறம் நான் முழிக்க முடியாது" என்கிறார் வேன்காரர். வாரம் இரண்டு முறை இதையே சொல்கிறார். நானும் இரண்டு முறை சிரிக்கிறேன்.

கடிதத்தோடு பெரிய கட்டு ஒன்றும் வருகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நம் அறக்கட்டளை ஊர்க்காரர்களிடம் என்ன வேண்டும், என்ன குறை என்று விசாரிக்கும் படிவங்கள். நானூற்றுப் பன்னிரண்டு. ஆறு கிளைகளில் இத்தனை பேர் வேறெங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். "கிளைப் பொறுப்பாளரின் மேற்பார்வையில் நிரப்பப்பட வேண்டும்" என்று போட்டிருந்தீர்கள். நான் மேற்பார்வை பார்த்தால் ஒரு கட்டமாவது காலியாக இருக்குமா? வெளிநோயாளிகள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேனா கொடுத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றையும் வாங்கி அடுக்கினேன். உன் ஏழாவது கேள்விக்கு, அதுதான், போன வருடம் வைத்தியம் தேவைப்பட்டும் கிடைக்காமல் போனதா என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு அநேகமாக எல்லோரும் "இல்லை" போட்டிருக்கிறார்கள். பார்த்துச் சந்தோஷப்படு.

டாக்டர் காலை ஒன்பதுக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு எட்டுக் கட்டிலுக்கும் நானும் ஆயாவும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆயாவும் இல்லை. ஆனாலும் ஓடுகிறது.

உன் அண்ணன் இருந்தபோது மாதம் ஒருமுறை வருவாய். அவர் போய் மூன்று வருடமாகிறது. புள்ளிவிவரமே வேலையாக இருந்து புள்ளி என்றே பெயர் வாங்கிய உனக்குத்தான் கணக்கெல்லாம் நன்றாக வரும், இதை மட்டும் நான் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


திட்டப் பிரிவு, தலைமை மருத்துவமனை
ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

இருக்கிறேன்.

இந்தச் செய்தி சுற்றறிக்கையாக உங்கள் மேசைக்கு வருவதற்கு முன் என் கையெழுத்தில் வர வேண்டும் என்று நினைத்தேன். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது முறையும் நன்றாக வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

நம்முடையது லாபம் பார்க்கிற மருத்துவமனை இல்லை. இருக்கிற நர்சுகளையும் கட்டில்களையும் எங்கே வைப்பது என்று தீர்மானிக்க எங்களுக்கு இருக்கும் ஒரே வழி, எங்கே தேவை அதிகம் என்று பார்ப்பதுதான். அதற்குத்தான் அந்தப் படிவம். ஆறு கிளைகளிலும் உங்கள் கிளையில்தான் தேவை மிகக் குறைவு என்று வந்திருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நானூற்று ஆறு பேர், வேண்டிய வைத்தியம் எல்லாம் கிடைத்தது என்கிறார்கள். தெற்குக் கிளையில் பாதிப் பேர் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

அதனால் ஜூலையிலிருந்து உங்கள் கிளை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மட்டும் நடக்கும். கட்டில்கள் இருக்காது. ஞாயிறு விடுமுறை. எட்டுக் கட்டில்களும் தெற்குக் கிளைக்குப் போகும். உங்களுக்கு வேலை இருக்கும், குடியிருப்பும் இருக்கும். நிர்வாகக் குழு ஏப்ரலில் கூடி இறுதி செய்யும்.

பரிந்துரையை எழுதியது நான். கீழே கையெழுத்தும் என்னுடையது. வேறு யாராவது எழுதியிருந்தாலும் எண்கள் இதையேதான் சொல்லியிருக்கும்.

நாத்தனார்


கிளை மருத்துவமனைக் குடியிருப்பு
பிப்ரவரி 3

அன்புள்ள புள்ளிக்கு,

"அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதியிருக்கிறேன். அடித்தது தெரியும். தெரியட்டும்.

நீ எண்களைப் பார்த்தாய். அந்த எண்கள் எப்படி வந்தன என்று நான் சொல்கிறேன். முந்தைய கடிதத்தில் இதைப் பெருமையாக எழுதியிருந்தேன். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

முதலில் வந்தவள் மார்க்கெட் முக்குத் தையல்காரி. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே அறக்கட்டளை முத்திரை, கீழே என் பெயருக்கு ஒரு கோடு. "சிஸ்டர், எந்தக் கட்டத்துல டிக் அடிச்சா உங்களுக்கு மேலேருந்து திட்டு விழாது?" என்றாள். உன் இஷ்டம்டி என்று சிரித்தேன். அவள் "இல்லை"யில் அடித்தாள். வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம் என்ன சொன்னாளோ தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த அத்தனை பேரும் ஏழாவது கேள்வியைப் படித்ததும் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் டிக் அடித்தார்கள். என்னைப் பற்றி விசாரணை நடக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். என்னைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான்.

"ஆம்" போட்ட ஆறு பேரும் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ஊரில் நானூறு பேருக்கு ஒரு வருடம் முழுக்க ஒரு குறையும் இல்லை என்று ஒரு காகிதம் வருகிறது. நீ பஸ் ஸ்டாண்டில் எழுதிப்போட்ட நேரத்தையே நம்பாதவள். கண்டக்டரைக் கேட்டு, டிரைவரைக் கேட்டு, அப்புறமும் நின்றுகொண்டே இருப்பாய் என்று உன் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். இதை மட்டும் எப்படி நம்பினாய்?

சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணி


திட்டப் பிரிவு
பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் தேடிப் பத்து நாளாயிற்று. எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன். உங்கள் கிளை நன்றாக நடக்கிறது என்று ஒரு காகிதம் சொன்னால், நான் அங்கே வந்து பார்க்க வேண்டியதில்லை அல்லவா. வேறு எந்தக் கிளையிலிருந்தாவது இப்படி ஒரு கட்டு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இயக்குநரிடம் போய், என் படிவம் தப்பு, கேட்ட விதம் தப்பு, உங்கள் ஊரில் திரும்பக் கேட்க வேண்டும் என்றேன். "இருபது வருஷத்துல நீங்க தப்புன்னு சொல்லி இப்பதான் கேக்கறேன். தேதியக் குறிச்சு வச்சுக்கலாமா?" என்றார். அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. கேட்கும்போது நீங்கள் ஊரில் இருக்கக்கூடாது. அது நான் வைத்த நிபந்தனைதான்.

மார்ச் முதல் மூன்று வாரம் இங்கே கிளை நர்சுகளுக்குப் பயிற்சி இருக்கிறது. நீங்கள் வாருங்கள். விடுதி வேண்டாம், என் வீட்டில் தங்குங்கள். உங்கள் இடத்துக்குத் தெற்குக் கிளையிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். நான் உங்கள் குடியிருப்பில் தங்கி, வீடு வீடாகப் போகிறேன். நானேதான் போவேன், ஆள் அனுப்ப மாட்டேன்.

என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்காது. அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாத்தனார்


உன் வீடு, நான்காவது மாடி
மார்ச் 6

அன்புள்ள புள்ளிக்கு,

உன் வீட்டில் ஒரே ஒரு டீ கப்தான் இருக்கிறது. அலமாரி முழுக்கத் தேடினேன். கைப்பிடி போன இன்னொன்றில் பென்சில் போட்டு வைத்திருக்கிறாய். யாராவது வந்தால் என்ன செய்வாய் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. நேற்று போய் இரண்டு வாங்கி வந்தேன், திட்டாதே.

லிப்டில் ஒரு அம்மா தினமும் என்னோடு ஏறுகிறார். மூன்று நாள் பேசாமல் கதவையே பார்த்தார். நான்காவது நாள் அவர் கால் வீக்கத்தைப் பார்த்து, உப்பைக் குறைங்கம்மா என்றேன். இப்போது என்னைப் பார்த்தாலே காலைத் தூக்கிக் காட்டுகிறார். உன் எதிர் வீடாம் அவர். ஏழு வருடமாக. "அந்த மேடம் உங்க சொந்தமா? பேங்க்ல வேலையா?" என்று கேட்டார்.

பயிற்சியில் எல்லாம் எனக்குப் பாதி வயதுப் பெண்கள். "நோயாளியுடன் பேசுதல்" என்று ஒரு வகுப்பு. முதுகைத் திருப்பிக்கொண்டு பலகையில் எழுதியபடியே ஒருவர் பாடம் நடத்துகிறார். பாதி விளங்கவில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

தலைமை மருத்துவமனை எவ்வளவு பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரியே இல்லாத இடங்களுக்கு ஒன்று வேண்டும் என்று ஆலைக்காரர்களும் வாத்தியார்களும் சேர்ந்து ஆரம்பித்தது என்று வாசலில் கல்லில் எழுதியிருக்கிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள்.

என் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள்? உனக்குச் சாப்பாடு போடுகிறார்களா, வாசலிலேயே நிறுத்துகிறார்களா? என்னைப் பற்றி என்ன சொன்னாலும் ஒளிக்காமல் எழுது.

அண்ணி


உங்கள் குடியிருப்பு
மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வாசலில் யாரும் நிறுத்தவில்லை. உள்ளே உட்காரவைத்து எதையும் சொல்லாமல் அனுப்பினார்கள். முதல் ஐந்து நாளும் அப்படித்தான். எல்லாம் நல்லா இருக்கு, குறையே இல்ல, அண்ணி எப்ப வருவாங்க. ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் மட்டும் கொஞ்சம் மிரட்டினார். "மூணு வாரத்துக்கு மேல ஒரு நாள் ஆச்சுன்னாலும் நாங்க வேன் பிடிச்சு வந்து அண்ணியக் கூட்டிட்டு வந்துருவோம். உங்க ஆபீஸ்ல சொல்லிடுங்க." நேரில் சிஸ்டர் என்றாலும், நீங்கள் இல்லாத இடத்தில் இந்த ஊரே உங்களை அண்ணி என்றுதான் சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த வார்த்தை எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

ஆறாவது நாள் எனக்கு அலுத்துவிட்டது. தையல்காரி வீட்டில், படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் "இல்லை" போட்டதால்தான் கட்டில்களைத் தூக்கப் போகிறார்கள், சிபாரிசு செய்தது நான்தான் என்றேன். மிஷினை நிறுத்தினாள். என் மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். அப்புறம், "அந்தப் பேப்பரக் குடுங்க. மொதல்லேருந்து போடறேன்" என்றாள்.

மறுநாள் காலை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்க ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருப்பதால், எடுப்பதே இல்லையாம். ஒரு அம்மா சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்து, அது தீர்ந்ததும் அந்தப் பாதியையும் உடைத்துச் சாப்பிடுகிறார். நீங்கள் கேட்டால் மட்டும் முழுசு என்பாராம். மனைவியை இழந்த ஒரு பெரியவர் வாரம் மூன்று முறை ரத்த அழுத்தம் பார்க்க வருகிறாரே, அவருக்கு அழுத்தமே இல்லை. "அந்தப் பட்டையக் கையில கட்டறப்ப ஒருத்தர் பக்கத்துல உக்கார்றாங்க இல்ல" என்றார். இதை எந்தக் கட்டத்தில் போடுவது? போன வருடம் ஐந்து மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உங்கள் கதவைத் தட்டியவர்கள் மட்டும் நூற்று எழுபது பேர் இருக்கிறார்கள். அந்த நேரத்தைத்தான் நான் வெட்டச் சொன்னேன்.

அண்ணன் இல்லாத வீட்டுக்கு என்ன உறவு சொல்லி வருவது என்று தெரியாமல்தான் மூன்று வருடம் வராமல் இருந்தேன். இந்த ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. "அண்ணியோட நாத்தனாரு" என்று அவர்களே சொல்லிக்கொண்டு நாற்காலி போட்டார்கள்.

கப் வாங்கியதற்குத் திட்டவில்லை.

புள்ளி


உங்கள் குடியிருப்பு
மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

ஒளிக்காமல் எழுது என்றீர்கள். இரண்டு விஷயம் இருக்கிறது. சின்னதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் சத்தமாகப் பேசுகிறீர்களாம். உள்ளறையில் கேட்கிற கேள்வி வெளிக்கூடத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிறதாம். நாள் தள்ளிப்போச்சா, எத்தனை நாள், புருஷன் என்ன சொல்றான், எல்லாம். அதனால் இளம் பெண்கள் சிலர் பஸ் ஏறி வேறு ஊரில் போய்க் காட்டுகிறார்கள். நான்கு பேர் இதைச் சொன்னார்கள். நான்கு பேரும் உங்களை நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார்கள்.

இரண்டாவது. பெட்ரோல் பங்குக்கு எதிரே பைக் மெக்கானிக் இருக்கிறாரே, அவர் நேற்று மாலை வந்தார். பேனாவை எடுத்தேன். "வேணாம் மேடம். இது பேப்பருக்கு இல்ல. நீங்க வீட்டாளுங்கிறதால சொல்றேன். எழுதிடாதீங்க" என்றார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, அவருடைய நான்கு வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறது. இங்கே தூக்கி வந்து கேட்டில் மணி அடித்திருக்கிறார். கால் மணி நேரம். கேட்டைத் தட்டியிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார். உங்கள் அறை ஜன்னல் திறந்திருந்ததாம், மின்விசிறி சுற்றுவது தெரிந்ததாம். யாரும் வரவில்லை. மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, பைக்கிலேயே முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டித் தலைமை மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். குழந்தை பிழைத்தது, இப்போது நன்றாக ஓடியாடுகிறது. "அண்ணி அசந்து தூங்கியிருப்பாங்க. ஏழு நாளும் ஒத்தை ஆளா நிக்கிறவங்க. வெளியில சொன்னா அவங்க வேலைக்கு வெனையாயிடும்னு சொல்லலை. வீட்டு ஆளுகிட்ட சொல்லாம இருக்கவும் முடியலை" என்றார். ஜனவரியில் தானும் "இல்லை" போட்டதாகச் சொன்னார்.

என் பையில் முன்னூற்று எண்பது படிவங்கள் இருக்கின்றன. இது எதிலும் இல்லை. எழுதினால் ஒரு மனிதர் குடும்பமாக நினைத்துச் சொன்னதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனவள் ஆவேன். எழுதாவிட்டால் இந்த முறையும் பாதி உண்மையைக் குழுவின் முன் வைக்கிறேன். இதில் ஒரு குழந்தை இருக்கிறது. இன்னொரு ஞாயிறும் வரும்.

உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன். இந்தக் கடிதத்தைத் தவிர இது வேறெந்தக் காகிதத்திலும் இல்லை.

புள்ளி


திட்டப் பிரிவு
ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் திரும்பி வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். சாவி காவலாளியிடம் இருந்தது. வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேசையில் ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினேன்.

நான்கு முறை வேன் வந்து போய்விட்டது. பை வருகிறது, உள்ளே ரிப்போர்ட் சீட்டு மட்டும் இருக்கிறது. "சிஸ்டர் ஒண்ணும் தரலை மேடம்" என்று வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார். அவர் ஜோக் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

கோபமாக இருந்தால் அதையாவது எழுதுங்கள். 20ஆம் தேதி குழு கூடுகிறது. மெக்கானிக் சொன்னதை நான் எழுதவில்லை. நீங்கள் பதில் போடாவிட்டால் எழுதவும் மாட்டேன். அது சரி என்று சொல்லவில்லை. உங்களை மீறிச் செய்ய என்னால் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

புள்ளி


கிளை மருத்துவமனைக் குடியிருப்பு
ஏப்ரல் 9

அன்புள்ள புள்ளிக்கு,

கோபம் இருந்தது. உன்மேல் ஒரு வாரம். அது தீர்ந்ததும் வேறு யார்மேல் படுவது என்று தெரியவில்லை.

நான் அன்றைக்குத் தூங்கவில்லை. படுத்திருந்தேன், கையில் பத்திரிகை இருந்தது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். என் வலது காது இரண்டு வருடமாக மந்தம். இப்போது அதில் அநேகமாக ஒன்றும் இல்லை. இடது காதைத் தலையணையில் வைத்தால் எனக்கு உலகமே கிடையாது. சத்தமாகப் பேசுகிறேன் என்றார்களே, நான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அந்தப் பெண்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்து, கூடமே கேட்கப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் திங்கட்கிழமை அந்தக் குழந்தை தலைமை மருத்துவமனையில் சேர்ந்திருப்பது எனக்குத் தெரிய வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தப் பக்கமா போயிட்டிருந்தப்ப வந்துச்சு சிஸ்டர், அப்படியே அங்க சேத்துட்டோம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கமாகப் போவான்? நான் கேட்கவில்லை. நீ எழுதியிருந்தாயே, வசதியாக இருந்ததால் நம்பினேன் என்று. எனக்கும் அப்படித்தான்.

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். இருக்கிறது ஒரு நர்ஸ், அவளுக்கும் காது கேட்காது என்று தெரிந்தால் கிளையையே மூடிவிடுவீர்கள் என்று பயந்தேன். அதைவிட, இந்த ஊரில் எல்லோரும் என்னிடம்தான் வந்து காட்டுகிறார்கள். நான் யாரிடம் போய்க் காட்டுவது?

மெக்கானிக் சொன்னதை நீ எழுத வேண்டாம். அவன் உன்னை வீட்டாளாக நினைத்தான், அது அப்படியே இருக்கட்டும். இந்த ஊரில் பதினேழு வருடமாகக் குடியிருக்கிறவள் நான். என்னிடம் மட்டும் நீங்கள் படிவம் வாங்கவே இல்லை. நேற்று ஆயா எடுத்து வைத்திருந்த மீதிப் படிவம் ஒன்றை வாங்கி நிரப்பினேன். இதனோடு வைத்திருக்கிறேன். மற்றவற்றோடு சேர்த்து எண்ணு.

கேள்வி ஏழு. கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுக்கோ பிறருக்கோ வைத்தியம் தேவைப்பட்டும் கிடைக்காமல் போனதா?
ஆம். இரண்டு முறை. ஒன்று எனக்கு. இன்னொன்று, என் கதவுக்கு வந்த ஒரு குழந்தைக்கு.

கேள்வி எட்டு. என்ன காரணம்?
பணியில் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளுக்கு மணிச் சத்தம் கேட்கவில்லை.

கேள்வி ஒன்பது. இதை யாரிடமாவது தெரிவித்தீர்களா?
இப்போது தெரிவிக்கிறேன்.

அண்ணி


திட்டப் பிரிவு
ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. முதலில் என் ஜனவரிப் பரிந்துரை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். பிறகு முன்னூற்று எண்பத்தொரு படிவங்களின் சுருக்கத்தை வாசித்தேன். கடைசிப் படிவத்தைச் சுருக்கவில்லை, முழுதாக வாசித்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, யார் எழுதியது என்று கேட்டார். படிவத்தில் நிரப்புகிறவர் பெயருக்கு இடம் கிடையாது, அந்த ஊரில் குடியிருப்பவர் என்றேன். இயக்குநருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

கட்டில்கள் அங்கேயே இருக்கும். இரவும் ஞாயிறும் இருக்கும். இரண்டு நர்சுகள் கூடுதலாக வருகிறார்கள். இனி எந்தக் கிளையிலும் எந்த நேரத்திலும் ஒருவர் மட்டும் பணியில் இருக்கக்கூடாது என்று ஆறு கிளைகளுக்கும் உத்தரவு போகிறது. எக்ஸ்ரே வண்டி மாதம் ஒரு நாள் குவாரிப் பக்கம் வரும். பெண்களிடம் பேசக் கதவு வைத்த ஓர் அறை வேண்டும் என்று நான் கேட்டேன், அது அடுத்த வருடம் என்றார்கள். திரும்பக் கேட்பேன்.

உங்களுக்குக் கசப்பான செய்தியும் இருக்கிறது. பொறுப்பாளராக வேறொருவர் வருகிறார். நீங்கள் பகல் நேர வெளிநோயாளிகளை மட்டும் பார்ப்பீர்கள். குழந்தை விஷயத்தைப் பற்றி விளக்கம் கேட்டு இயக்குநர் உங்களுக்குத் தனியாக எழுதுவார். அதைத் தடுக்க முயலவில்லை. தடுத்திருந்தால் நீங்கள் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள்.

போஸ்ட்மாஸ்டருக்கு இதையெல்லாம் யார் சொல்வது என்று தெரியவில்லை. உங்களைப் பொறுப்பிலிருந்து எடுத்தது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அவர் திட்டுவதைக் கேட்டுக்கொள்கிறேன்.

காது மருத்துவரிடம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். காலை வேனில் ஏறுங்கள், முன் இருக்கையைக் காலியாக வைக்கிறேன் என்று வேன்காரர் சொன்னார். நான் வாசலில் நிற்பேன். உள்ளேயும் கூட வருவேன். அந்த டாக்டர் முணுமுணுவென்றுதான் பேசுவார், முகத்தைப் பார்த்தும் பேச மாட்டார். நீங்கள் சிரமப்பட வேண்டாம். அவர் சொல்வதை எல்லாம் நான் கேட்டு, அங்கேயே உங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன்.

புள்ளி